இருபது கிலோ

வேலந்தாவளம் எடைமேடையில்
ராத்திரி ஷிஃப்ட் என்னுடையது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஒரு மின்விசிறி,
சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி.
அந்தப் பக்கம் கேரளம் பார்த்து
மூக்கை நீட்டிய லாரிகள்.

வண்டி ஏறியதும் எண்கள் பதறும்.
பத்தொன்பதுக்குத் தாவும், பதினேழுக்குச் சரியும்,
மூச்சு வாங்கி
ஓரிடத்தில் உட்காரும்.
உட்காரும்வரை பொத்தானைத் தொடக்கூடாது.
பதினோரு வருஷத்தில் நான் படித்த வித்தை அவ்வளவுதான்.

நேற்று ஒன்றே முக்காலுக்குச் சுகதன் வந்தான்.
தக்காளி.
கிணத்துக்கடவில் விலை விழுந்துவிட்டது;
விழுந்த விலையை உயரத்தால் ஈடுகட்டப் பார்த்திருக்கிறான்.
பதினெட்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
வண்டி தாங்கலாம் என்று எழுதியிருப்பது
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.

"சேச்சி, முந்நூற்றறுபதல்லே, ஒன்னு கண்ணடைக்கூ."
கண்ணை மூடினாலும் எண் எரியுமே சுகதா,
அடுத்த வளைவில் ஜீப் நிற்குது என்றேன்.
ஐந்நூறு ரூபாயை மடித்துக்
கண்ணாடி இடுக்கில் செருகினான்.
விசிறிக்காற்றில் அது கொஞ்சநேரம் ஆடியது.
நான் எடுக்கவில்லை.
யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்;
தலைக்கு மேலே கேமரா.

இருபத்துநாலு கிரேடு இறங்கியது.
இறக்கியவன் கிளீனர் பிந்தேஷ்வர்,
மீசை இன்னும் முடிவுக்கு வராத பையன்.
மறுபடி ஏற்றிப் பார்த்தால்
பதினெட்டாயிரத்து நானூற்று நாற்பது.
சுகதன் முகம் மலர்ந்தது: இன்னும் நாலு கிரேடு போகும்!
போட்டார்கள்.
ஐந்நூறு. துல்லியம். எண் அசையவில்லை.

அப்போதுதான் பையன் கேட்டான்,
ஓரத்தில் நின்று கையைத் துடைத்தபடி,
அவன் இந்தியில், பாதி ஜாடையில்:
நான் ஏறட்டுமா, நடந்து வரட்டுமா?

முதல் எடையில் அவன் கேபினுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.
அறுபது கிலோ.
நாலு கிரேடு.

யாரும் சிரிக்கவில்லை.
சுகதன் தானே மேலே ஏறினான்,
நாலையும் தானே இறக்கினான்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மதி."

டீ குடிக்கும்போது சொன்னான்,
அவன் மச்சினிச்சி ஸ்வீடனில் நர்ஸாம்.
அங்கே இதற்கென்றே ஒரு சொல் உண்டாம்.
கூடவும் இல்லை குறையவும் இல்லை,
கோப்பையில் காப்பிக்கும் அதுதான்
வீட்டுக்கும் அதுதான் பேச்சுக்கும் அதுதான்.
என்ன சொல் என்றேன்.
யோசித்தான். மறந்துபோயிருந்தது.
"நம்மட மதி போல."

எங்களுக்கு மதி என்றால் நிலா,
இல்லாவிட்டால் புத்தி என்றேன்.
அன்றைக்கு வானத்தில் ஒன்றும் இல்லை.
மற்றதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

எங்கள் பக்கத்துப் பந்தியில்
போதும் என்றால் இன்னொரு கரண்டி என்று அர்த்தம்.
இலைமேல் கையை விரித்துக் காட்டினாலும்
விரலிடுக்கில் சாம்பார் விழும்.
அப்படித்தான் கல்யாணத்தன்று என்னையும் நிரப்பினார்கள்,
அப்படித்தான் அவர் கடனும் வாங்கினார்.
என் பெயர் சம்பூர்ணம்.
நாற்பத்தாறு வருஷமாய் அந்தப் பெயருக்குள்
ஒரு மூலை காலியாகவே கிடக்கிறது.
முன்பெல்லாம் எதையாவது வாங்கி அங்கே வைத்துப் பார்ப்பேன்.
இப்போது காற்று வந்துபோகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

லாரி போனது. கிரேடுகள் ரோட்டோரம் நின்றன.
எனக்கு எட்டுப் பழம் எடுத்துக்கொண்டேன்.
ஆட்டோக்காரர்கள் கொஞ்சம்,
சத்துணவுக்குச் சமைக்கிற ருக்கையா இரண்டு கிரேடு.
கதை அழகாக முடிய
எல்லாம் பசித்த வாய்க்குப் போனது என்று சொல்லலாம்.
ஆறு கிரேடு வெயிலில் அழுகிற்று.

இன்று மழை. வண்டி வரத்து இல்லை.
வெற்று மேடை
பெட்டியில் இருபது கிலோ காட்டுகிறது.
பூஜ்யத்தை அழுத்தக் கை போனது.
எட்டிப் பார்த்தேன்.
கூரைக்குக் கீழே நனையாத ஒரு பட்டை இரும்பில்
நாய் சுருண்டிருந்தது.

எண் உட்கார்ந்துவிட்டது.
ரசீது கேட்க யாரும் இல்லை.